மாமா கால் அளவு

என் முழங்காலில் கத்தி வைத்து நான்கு மாதம். மொட்டை மாடியில் என் புறாக்கள், கீழே நான். பழைய படிக்கட்டு செங்குத்தில் ஏணிக்கு அண்ணன். அதில் இனி என்னால் ஏற முடியாது. மகன்தான் தீனி வைத்தான். மேலே அவை குனுகுவது கேட்கும்போதெல்லாம் எனக்கு அழுகையே வரும்.

படிக்கட்டை இடித்துப் புதிதாகக் கட்ட முடிவானது. வீட்டிலேயே ஆள் இருக்கிறதே. மனைவி முப்பது வருட மேஸ்திரி, மருமகள் கட்டட எஞ்சினியர். ஒருத்திக்கு உலகமே அடி அங்குலம், இன்னொருத்திக்கு மில்லிமீட்டர். மாடி உயரம் பத்து அடி, ஆறு அங்குலமாக இருபது படி என்றாள் மனைவி. நூற்றைம்பது மில்லிமீட்டர்தான் முறை என்றாள் மருமகள். ஆளுக்கொரு டேப்போடு வந்து என்னிடம் நியாயம் கேட்டார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று எனக்குத் தெரியாதா? பாம்பும் சாகாமல் கம்பும் உடையாமல், கீழ்ப் பத்துப் படி மேஸ்திரி அளவு, மேல் பத்து எஞ்சினியர் அளவு என்று தீர்ப்புச் சொன்னேன். படிக்கு இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் வித்தியாசம் யாரைக் கடித்துவிடும் என்று அவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

காங்கிரீட் ஊற்றப் பலகை அடித்து முடித்தபோதுதான் பூதம் கிளம்பியது. மேல் பத்துப் படியில் குறைந்ததெல்லாம் சேர்ந்து, கடைசிப் படி மட்டும் மற்றவற்றைவிட உயர்ந்து நின்றது. ஒரு அங்குலம் அதிகம் என்றாள் மனைவி. இருபத்து நாலு மில்லிமீட்டர் என்றாள் மருமகள். அதற்கும் ஒரு சண்டை.

“எதுல சொன்னாலும் சரி, அந்தப் படியிலதான் நான் விழப்போறேன்,” என்றேன்.

மருமகள் தன் டேப்பையும் அத்தையின் டேப்பையும் பைக்குள் போட்டாள். பலகைத் துண்டுகளை அடுக்கி என்னை ஏறச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி, வலிக்கவில்லை என்றேன்.

“அவர் பேச்சை நம்பாதே, முகத்தைப் பாரு,” என்றாள் மனைவி. “மேல இருக்கிற ஒரு துண்டை எடுத்துடும்மா.”

எடுத்தாள். என் முகம் தெளிந்தது. தரையிலிருந்து மாடிவரை ஒரு நீளக் கம்பை நிறுத்தி, அந்த அடுக்கின் உயரம் தாண்டாமல் சமமாகப் பிரித்துக் கோடு போட்டார்கள். இருபத்திரண்டு படி வந்தது. அப்புறம் அளந்து பார்த்தால் அங்குலத்திலும் முழுசாக வரவில்லை, மில்லிமீட்டரிலும் வரவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மருமகள் வரைபடத்தில் படி உயரம் என்ற இடத்தில் ‘மாமா கால்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

காங்கிரீட் இறுகிப் பலகை பிரித்த அன்று காலை ஏறினேன். முன்னால் மருமகள், பின்னால் மனைவி. கூண்டைத் திறந்ததும் வெள்ளைப் புறா என் தோளில் வந்து உட்கார்ந்தது. அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றேன்.

“படி எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள் மனைவி.

அப்போதுதான் கீழே திரும்பிப் பார்த்தேன்.

“படியா? ஏறினதே தெரியலையே.”