எழுந்து நின்ற காலடிகள்

"ஈஸ்டருக்காவது வீட்டுல கிடக்கலாம்னு பார்த்தேன். ஒரு ஆரஞ்சுப் பழத்தக் காட்டி என்னை மலை ஏத்திட்டியே, குட்னி," என்றான் தூர்லைஃப்.

"நடந்தா தொப்பை குறையும். வா."

ஈஸ்டர் வந்தால் நார்வேயில் பாதிப் பேர் ஆரஞ்சும் கையுமாக மலையில்தான் இருப்பார்கள். குட்னி வந்த காரணம் வேறு. ஜனவரியில் இங்கே வந்த அவள் கணவன் ஸ்வெர்ரே திரும்பவில்லை. கூடப் போனவன் இந்தத் தூர்லைஃப், ஸ்வெர்ரேயின் தம்பி. பாதை பிரியும் இடத்தில் அண்ணன் ஏரிப் பக்கம் தனியாகப் போய்விட்டான் என்று அவன் சொன்னான். மீட்புக் குழுவும் ஏரியைச் சுற்றியே தேடிக் களைத்தது. பெண்டாட்டி பிடிக்காமல் ஓடிவிட்டான் என்று ஊர் பேசியது. புதைக்க ஓர் உடல் கிடைத்தால் போதும் என்றாகிவிட்டது குட்னிக்கு.

பாதை பிரியும் இடத்தில் அவள் நின்றாள்.

காலில் மிதிபட்ட பனி இறுகிவிடும். வசந்தக் காற்று சுற்றியுள்ள தூள்பனியை வாரிக்கொண்டு போனதும், குளிர்காலத்து அடிகள் மட்டும் குட்டி மேடைகளாக எழுந்து நிற்கும். அப்படி இரண்டு வரிசைகள் நின்றன. ஏரிப் பக்கம் அல்ல, மலைமுகட்டை நோக்கி. ஒரு வரிசையின் வலப்பக்கம் மட்டும் ஊன்றுகோல் பதிந்த வட்டங்கள். மரம் அறுக்கும் இயந்திரத்தில் இடக்கை விரல்களை இழந்த தூர்லைஃப், ஒற்றைக் கோலோடுதான் நடப்பான்.

"இங்கயே பிரிஞ்சதாத்தானே சொன்னே?"

அவன் ஆரஞ்சை உரிக்காமல் உருட்டிக்கொண்டிருந்தான். அவள் ஏறினாள். அவனும் பின்னால் வந்தான்.

முகட்டில் பனி விளிம்பு உடைந்திருந்தது.

"பயந்தாங்கொள்ளின்னு கிண்டல் பண்ணேன். வீம்புக்கு ஓரத்துல போய் நின்னான். உடைஞ்சு விழுந்துட்டான். எவ்வளவோ கூப்பிட்டேன், அசையவே இல்ல. செத்துட்டான்னு நெனச்சு ஓடிட்டேன். உன் மொகத்துல எப்படி முழிப்பேன்?"

சுற்றிக்கொண்டு கீழே இறங்கினார்கள். காற்று துடைத்த பள்ளத்தில் யாரும் இல்லை. அங்கிருந்து தனியாக ஒரு வரிசை கிளம்பியது. ஒரு கால் ஊன்றி, மறுகால் இழுபட்டு. அது தூர்லைஃப் ஓடிய அடிகளைக் கண்டுபிடித்து, அவற்றின் மேலேயே மிதித்துப் போயிருந்தது.

தூர்லைஃப் மண்டியிட்டான். "எந்திரிச்சிருக்கான். எம் பின்னாலயே வந்திருக்கான்."

ஜனவரியில் அண்ணனும் தம்பியும் தங்கியிருந்த மரக்குடிலுக்கு அடிகள் போயின. வாசலில் பனி நெடுநேரம் மிதிபட்டு மேடாகியிருந்தது.

"அன்னைக்கு ராத்திரி நீ இதுக்குள்ளதானே இருந்தே?"

"கதவு தட்டுற சத்தம் கேட்டுச்சு குட்னி. காத்துன்னு நெனச்சேன். அப்புறம் என் பேரச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. செத்தவன் வந்துட்டான்னு தாழ்ப்பாளப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்."

வாசலைவிட்டு அடிகள் விறகுக் கொட்டகைப் பக்கம் திரும்பின. அங்கே காற்று குவித்த பனி கூரைவரை ஏறியிருந்தது. அதற்குள் போன அடிகள் வெளியே வரவில்லை.

சுவரில் மாட்டியிருந்த மண்வாரியை எடுத்து அவனிடம் நீட்டினாள். "தோண்டு."

அவன் வாங்கவில்லை. குடிலின் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். "தட்டுறது கேக்குதா உனக்கு?"

காற்று எப்போதோ நின்றுவிட்டது. குட்னிக்கு எதுவும் கேட்கவில்லை. அவளே தோண்டத் தொடங்கினாள், மெதுவாக, மண்வாரி ஸ்வெர்ரேமேல் பட்டுவிடாதபடி.