அரை மாத்திரை

மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் அவள் கணவர். தெருவில் நாலு பேர் காரியம் ஆகவேண்டி "டாக்டர்" என்று கூப்பிடப்போய், மனிதருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். இவர் கணக்கைத் தொடங்க இரண்டு மாத நாய்க்குட்டி ஒன்று வாய்த்தது.

குட்டியின் வயிறு பானையாக உப்பியிருந்தது. "என்ன புஷ்டி பாரு" என்றார். உள்ளே இருந்ததெல்லாம் புழு. காதுமடலுக்குள் பட்டாணி அளவில் சாம்பல் நிறத்தில் ஒன்று ஒட்டியிருந்தது. "அது மச்சம். அதிர்ஷ்டம்" என்றார். அந்த அதிர்ஷ்டம் ராப்பகலாக ரத்தம் குடித்துக்கொண்டிருந்தது.

இரண்டு நாளாகச் சுருண்டு கிடந்த குட்டி வியாழக்கிழமை எழுந்திருக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள்.

"இருபது வருஷமா மருந்து விக்கிறேன். நான் போய் நாய் ஆஸ்பத்திரியில நின்னா தெருவே சிரிக்காதா?" என்று எகிறினார்.

அவள் குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு நடந்தாள். அவள் அங்கே போய் என்ன உளறிவைப்பாளோ என்று அவரும் பின்னாலேயே ஓடிவந்தார்.

கால்நடை மருத்துவர் குட்டியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. இடுக்கியால் அந்த மச்சத்தைப் பிடுங்கித் தட்டில் போட்டார். மச்சம் எழுந்து நடந்தது.

"உண்ணி. இதால காய்ச்சல் வேற. வயித்துல புழு வேற. வீட்டுல என்ன கொடுத்தீங்க? அது தெரியாம நான் ஊசி போட முடியாது."

"வெறும் டானிக்தான்" என்றார் கணவர். பெஞ்சில் பூனையோடு காத்திருந்த இருவரும் அவருடைய கடைக்கு வருகிறவர்கள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாயில்லா ஜீவன் சாகக் கிடக்கிறது, இந்த மனிதருக்கு பெஞ்சுதான் பெரிதாகப் போயிற்று.

"பொய். நாம போடுற வலி மாத்திரை. நேத்தும் முந்தாநாளும் கொடுத்தார், நானே பார்த்தேன்" என்றாள், பெஞ்சுக்கும் கேட்கும்படி.

"அரை மாத்திரைதானே..."

"உங்க எடை எவ்வளவு?" என்று கேட்டார் மருத்துவர்.

"எண்பது."

"இது ஒன்றரைக் கிலோ." அதற்கு மேல் மருத்துவர் எல்லாவற்றையும் அவளிடமே சொன்னார்.

நாலு நாள் அங்கேயே வைத்து, குளுக்கோஸ் ஏற்றி, ஊசி போட்டுப் பார்த்தார்கள். கெட்டி உயிர், பிழைத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்த அன்று புழு மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. கணவர் பாட்டிலை எடுத்து, தூக்கிப் பிடித்துப் படித்து, தொண்டையைக் கனைத்தார்.

அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். "அளவை என்கிட்ட சொல்லியிருக்காங்க. நீங்க குட்டியோட வாயைத் திறந்து பிடிங்க, போதும். உங்க வாயைத் திறக்காதீங்க."

பிடித்தார். கல்யாணமான பத்தொன்பது வருடத்தில் அவள் சொன்னபடி அவர் கேட்டது அன்றுதான்.