இரண்டாவது கதவு

அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்தும் கட்டட வரைபட அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. யாருக்கும் ஒரே வரைபடத்தைக் காட்ட மாட்டார்கள். இரண்டு காட்டுவார்கள். ஒன்று அவர்கள் விற்க நினைப்பது, மற்றது வேண்டுமென்றே குறையோடு வரைந்தது. அதற்குப் பெயர் பலியாடு. பலியாட்டைத் தள்ளிவிட்ட திருப்தியில், மற்றதைத் தாங்களே தேர்ந்தெடுத்ததாக மனிதர்கள் நினைத்துக்கொள்வார்கள். தம்பி ஏதோ பயிற்சி வகுப்பில் கற்றுவந்த வித்தை. பத்து வருடமாகச் சோறு போட்டதும் அதுதான், குறை சொல்லக்கூடாது.

இந்த முறை வேலை, ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு. உறவினர்களிடம் டாக்டர்கள் மரணச் செய்தி சொல்வதற்கு அதில் ஒரு சின்ன அறை. அக்கா அதற்கு இரண்டாவது கதவு வைத்திருந்தாள். அழுதுகொண்டு வருபவர்கள் காத்திருக்கும் கூட்டத்தைக் கடக்காமல் நேரே வெளியே போய்விடலாம். ஆறு வருடத்துக்கு முன் கணவன் இறந்தபோது அப்படியொரு கூட்டத்துக்கு நடுவேதான் அவள் நடந்தாள். எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி தன் குழந்தையின் முகத்தை அவசரமாகத் திருப்பினாள். அதை மட்டும் அவளால் இன்றுவரை மறக்க முடியவில்லை. தம்பியிடம்கூடச் சொன்னதில்லை.

பலியாட்டைத் தம்பி வரைந்தான். அந்தக் கதவை எடுத்துவிட்டு, வழி இருந்த இடத்தில் இரண்டு கட்டிலைப் போட்டான். பார்க்க நிஜம்போல இருக்கவேண்டுமே!

வரைபடம் காட்டும் கூட்டத்தில் மருத்துவமனை நிர்வாகி பலியாட்டின் மேல் விரலை வைத்தார்.

“இதுவே இருக்கட்டும். ரெண்டு கட்டில் கூடுது. ரெண்டு உயிர்.”

தம்பிக்கு முகம் பேயறைந்ததுபோல் ஆனது. ஆனாலும் மேஜைக்கடியில் அக்காவின் காலைத் தட்டினான். விட்டுவிடு, எதுவானாலும் வேலை நமக்குத்தான் என்று அர்த்தம்.

அவள் விடவில்லை. “சார், அந்த ரெண்டு கட்டிலும் பொய். சுத்தி நர்ஸ் நிக்கக்கூட இடம் பத்தாது. நீங்க வேண்டாம்னு சொல்லணும்னுதான் வரைஞ்சோம்.”

“எதுக்கும்மா?”

தயாரித்து வந்த வாதங்களை அவள் விட்டுவிட்டாள். தான் நடந்த கதையைச் சொன்னாள். குழந்தையின் முகத்தைத் திருப்பிய இடத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த தலைமை நர்ஸ் மெல்லச் சொன்னாள். “அவங்களக் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போறது நாங்கதான் சார். கதவு வேணும்.”

நிர்வாகி பலியாட்டை மேஜையோரம் தள்ளிவைத்தார்.

“கதவு வைக்கிறோம். ஆனா வரையறதுக்கு வேற ஆளப் பாத்துக்கறேன். உங்க மத்த கோட்டுல எது நிஜம்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது? இதையே முதல்ல சொல்லியிருந்தா மறுபேச்சு பேசியிருக்க மாட்டேன்.”

அவளுக்கு அவமானமாக இருந்தது. கதவு வந்துவிடும் என்பதில் நிம்மதியாகவும் இருந்தது.

படியிறங்கும்போது தம்பி நின்றுவிட்டான். கோபம் வேலை போனதற்காக இல்லை.

“அன்னிக்கு நீ அப்படி நடந்து வந்ததை என்கிட்ட ஏன்க்கா சொல்லவே இல்ல?”

“சொல்லியிருந்தா, வேலை பிடிக்க அதையும் ஒவ்வொரு கூட்டத்துலயும் சொல்லச் சொல்லியிருப்படா.”

தம்பி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். சொல்ல முடியவில்லை.