பதினெட்டுக் குச்சி

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பிறகு என் வீட்டுக்காரருக்கு வாய் இறுகிப்போனது. தாடைத் தசை இழுத்துப் பிடித்துக்கொண்டதில், ஒரு விரல் நுழைகிற அளவுக்கு மேல் திறக்கவில்லை. பேச்செல்லாம் பல்லுக்குள்ளேயே முனகலாகிவிட்டது. தையல் ஆலையில் கட்டிங் மாஸ்டர் அவர்; ஐம்பது பெண்களை அந்த ஒரு வாயால் அழவைத்தவர். வீட்டில் நான் ஒருத்திதானே, திட்டெல்லாம் மிச்சமில்லாமல் எனக்கே கிடைக்கும். பதில் சொல்லத் தயங்கினால், "வாயத் தொறந்து சொல்லுடி, காதுல விழல" என்பார். என் அம்மா செத்த சேதி வந்த அன்று, சோறு போட ஒரு வாய் குறைந்தது என்றார். அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

பிசியோதெரபி செய்கிற பெண் என்னிடம்தான் வேலையைச் சொல்லிக்கொடுத்தாள். சுடுதண்ணீரில் பிழிந்த துண்டால் பத்து நிமிடம் ஒத்தடம். பிறகு கட்டைவிரலால் கன்னத்தை வட்டமாக அழுத்தித் தேய்க்க வேண்டும். கடைசியில் ஐஸ்கிரீமுக்குச் செருகுகிற தட்டை மரக்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, முன்பற்களுக்கு நடுவே செருக வேண்டும். முதலில் பத்து, ஐந்து நாளைக்கு ஒன்று கூட்டிப் பதினெட்டைத் தொட்டால் வாய் பழையபடி ஆகிவிடும். ஆறு வாரத்தில் திறக்காவிட்டால் ஜென்மத்துக்கும் இப்படித்தான் என்றாள். வாரம் ஒருமுறை போனில் எண்ணிக்கையைக் கேட்பாளாம்.

ஒத்தடம் ஒழுங்காகத்தான் கொடுத்தேன், பொய் சொல்லவில்லை. வலியில் அவருக்குக் கண் கலங்கும். எனக்கு வயிறு குளிரும். வீடுதான் எவ்வளவு அமைதி! சமையலறையில் நான் பாட்டுக்கூடப் பாடினேன். நான்காம் நாள், கழுவி வைத்த குச்சிகளை உப்புத்தாளில் தேய்த்தேன். பத்தையும் ஆளுக்குக் கொஞ்சம் இளைக்க வைத்தால் பதினொன்றாவதுக்கு இடம் கிடைத்துவிடுகிறது.

ஆயுசு முழுக்கத் துணியை அளந்த மனுஷர் குச்சியை அளக்கவில்லை, எண்ணினார். ஒன்று கூடும்போதெல்லாம் விரலை விரித்துக் காட்டிச் சிரிக்கப் பார்ப்பார். பதினைந்து வந்த அன்று என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. மனசு கொஞ்சம் ஆடத்தான் செய்தது. மறுநாள் மத்தியானம் பதினாறாவதுக்காகத் தேய்த்தேன்.

ஆறாம் வாரம் அந்தப் பெண் வாயில் ஸ்கேல் வைத்தாள். முதல் நாள் இருந்த அதே அளவு.

"பதினெட்டுன்னு சொன்னீங்களேக்கா?"

எண்ணினது அவர்தான் என்றேன். தாடையை அமுக்கிப் பார்த்துவிட்டு, இனி தன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஒரு புதுப் பாக்கெட்டைப் பிரித்தார். மேசையில் பழைய குச்சி பதினெட்டையும் பக்கத்தில் புதுக் குச்சி பத்தையும் அடுக்கினார். டேப்பே தேவைப்படவில்லை, இரண்டும் ஒரே உயரம். என்னைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைக்க, பல்லிடுக்கில் எச்சில் தெறிக்க, என்னவோ கத்தப் பார்த்தார். முனகல்தான் வந்தது.

நான் துண்டை மடித்து வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வாயத் தொறந்து சொல்லுங்க," என்றேன். "காதுல விழல."