தும்பியின் நான்காம் சுற்று

பின்பனிக் காலம் தன் கடைசி நாள்களை மெல்லக் கழித்துக்கொண்டிருந்தது. காலையில் இறங்கிய மூடுபனி உச்சிப்பொழுது வரை கூரைகளை விட்டு அகல மனமின்றிக் கிடந்தது. மரங்கள் இலையுதிர்த்து முடித்துவிட்டன. தளிர்க்க இன்னும் துணியவில்லை. படைத்தவன் ஒரு கணம் மூச்சை நிறுத்தித் தன் படைப்பைப் பார்ப்பதுபோல, உதிர்தலுக்கும் துளிர்த்தலுக்கும் நடுவே உலகம் அசைவற்று நின்றது. அந்தப் பருவத்தின் ஒரு பிற்பகலில்தான் தும்பி பழைய வாழ்வை விட்டுப் புதியதற்குள் கால் வைத்தாள்.

தும்பி என்பது குத்துச்சண்டைக் கூடத்தில் அவளுக்கு விழுந்த பெயர். தொடுவாள், விலகுவாள், எதிராளி திரும்புமுன் மறுபடி தொடுவாள். பதினோரு ஆண்டுகள் அமெச்சூர் போட்டிகளில் அப்படியே வென்றாள். அங்கே தலைக்கவசம் உண்டு, பருத்த கையுறை உண்டு, மூன்றே சுற்று. முப்பதை நெருங்கும் வேளையில் தேர்வுக்குழு ஓர் இளையவளை எடுத்துக்கொண்டது. தும்பி தொழில்முறைக்கு மாறுவதாகக் கையெழுத்திட்டாள். பழைய கதவு அதோடு மூடிக்கொண்டது. புதிய கதவோ ஒருக்களித்தே திறந்திருந்தது: முதல் ஆட்டத்தில் வென்றால்தான் அடுத்த ஆட்டம், தோற்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று ஏற்பாட்டாளர் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருந்தார்.

அவள் கணவன் கடைத்தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தான். கன்னத்துக் கீறலின் குருதியை வாடிக்கையாளர் அறியுமுன் நிறுத்திவிடும் விரல்கள் அவனுடையவை. அவற்றை நம்பி மூன்று மாதம் பயின்று, மேடை மூலையில் நின்று காயம் பார்க்கும் உரிமம் பெற்றான். மருமகள் அடிவாங்கப் போகிறாள், மகன் துடைக்கப் போகிறான், நல்ல குடும்பம் என்று அவன் தாய் தலையில் அடித்துக்கொண்டாள். ஆட்டத்தன்று காலை மருமகளுக்கு முட்டை அவித்து உரித்துக் கொடுத்தவளும் அவளே.

உடைமாற்றும் அறையில் ஒரு பெஞ்சு, சொட்டும் குழாய், ரசம் போன கண்ணாடி. முன்பெல்லாம் துவைத்துச் சுருட்டிய துணிப்பட்டைகளை அவளே கையில் சுற்றிக்கொள்வாள். இங்கே மெல்லிய துணியும் ஒட்டுநாடாவும், ஒருமுறைக்கு மட்டும். கணவன் கட்டி முடித்ததும் மேற்பார்வையாளர் வந்து தடவிப் பார்த்து, கட்டின்மேல் பேனாவால் கையெழுத்திட்டுப் போனார்.

"உன் கையில இன்னொருத்தர் பேரு," என்றான் அவன்.

"பொறாமையா உங்களுக்கு?"

"கையெழுத்து நல்லாயில்ல. அதான்."

மேடையேறியபோது கவசமற்ற நெற்றியைக் காற்று தொட்டது அவளுக்குப் புதிதாக இருந்தது. முதல் சுற்று அவளுடையது. இரண்டாவதில் எதிராளியின் வலக்கை அவள் இடப்புருவத்தைக் கிழித்தது. இடைவேளையில் கணவன் அதை அடைத்தான். எட்டிப் பார்த்த மருத்துவர், இனிக் கண்ணுக்குள் குருதி வழிந்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுவேன் என்றார். குத்துப்பட்டு வந்த காயத்துக்காக நிறுத்தினால் அது தோல்வியே. மூன்றாம் சுற்று முழுவதும் அவள் கண்ணைக் காத்தபடி ஆடினாள். மணியடிக்கும் நேரத்தில் காயம் மீண்டும் கசிந்தது.

அப்போதுதான் அது நடந்தது. பதினோரு ஆண்டுகளாக மூன்றாம் மணி என்றால் முடிவு. எதிராளியைத் தழுவி, எதிர்மூலைக்குச் சென்று அங்குள்ளோரை வணங்கித் திரும்புவது அவள் பழகிய முறை. உடல் அறிந்ததை உள்ளம் தடுக்கவில்லை. திகைத்து நின்ற எதிராளியைத் தழுவினாள். எதிர்மூலைக்குப் போய்க் குனிந்து வணங்கினாள். அரங்கம் சிரித்தது. அந்த மூலையின் பயிற்சியாளர் மட்டும் சிரிக்கவில்லை.

"இன்னும் ஒரு ரவுண்டு இருக்கும்மா. ஓடு," என்றார்.

ஒரு நிமிட ஓய்வில் பாதி போயிருந்தது. முகம் எரிய வந்து அமர்ந்தாள். மானம் போயிற்று, எல்லாம் போயிற்று என்று முனகினாள். கணவன் அதற்குள் மருந்தில் நனைத்த பஞ்சைக் காயத்துக்குள் அழுத்தியிருந்தான். அவன் கை அவசரப்படவில்லை. அவசரப்பட்ட கத்தி தோலை எடுக்கும் என்பது அவன் தொழிலின் பாடம்.

"பாதிச் சவரத்துல எந்திரிச்சுப் போன ஆளுங்களைப் பாத்திருக்கேன்," என்றான். "இன்னைக்குத்தான் என் பொண்டாட்டியே அப்படிப் போறா."

அவள் தோள் குலுங்கியது.

"சிரிக்காத. புருவம் அசையுது."

வாஸ்லைனை விரலால் தடிமனாகப் பூசிவிட்டு, அவள் கண்ணை நேராகப் பார்த்தான். "ரெண்டு நிமிஷம் கூடக் குடுத்திருக்காங்கன்னு நினைச்சுக்கோ. தொட்டுட்டு விலகாத. நில்லு."

நான்காம் சுற்றில் தும்பி பறக்கவில்லை. நின்றாள். விலகி விலகிப் பழகிய கால்களை ஊன்றி, எதிராளியின் விலாவில் மும்முறை இறக்கினாள். அதற்கு விலையாக வந்த குத்துகளைத் தோளிலும் முன்கையிலும் ஏற்றாள். பொங்கிய பால் பாத்திர விளிம்பில் தயங்கி நிற்பதுபோல, குருதி புருவத்தின் ஓரம் வரை வந்து நின்றது. மேடையடியில் கணவன் அடுத்த பஞ்சை நனைத்துக் கையில் பிடித்திருந்தான். மணி அடித்தது. ஆட்டம் முடிந்ததென்று நடுவர் இருமுறை சொன்ன பிறகே அவள் அசைந்தாள்.

இரு தீர்ப்பாளர்கள் வெற்றியை அவளுக்கு அளித்தார்கள். மூன்றாமவர் சமம் என்றார். கணவனுக்கு அது காதில் விழவில்லை. அவன் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அறைக்குத் திரும்பியதும் கத்தரியால் கட்டுகளை அறுத்தெடுத்தான். ஏற்பாட்டாளர் கதவருகே நின்று, அடுத்தது ஆறு சுற்று, சுற்றை நன்றாக எண்ணிப் பழகிக்கொள்ளச் சொல் என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனார். இருவர் சிரிப்பும் அடங்கியதும் அவள் கண்களை மூடினாள், கைகூப்ப முயன்றாள். விரல்கள் வீங்கியிருந்தன, உள்ளங்கைகள் ஒன்றையொன்று அடையவில்லை. நடுவே ஒரு விளக்குச் சுடர் நிற்கும் அளவு இடைவெளி. அவன் கத்தரியை வைத்துவிட்டுத் தன் இரு கைகளாலும் அவள் கைகளைப் புறத்தே பொதிந்து, நோகாமல் மெல்லச் சேர்த்துப் பிடித்தான். அவள் உதடுகள் ஓசையின்றி அசைந்தன. அவை ஓயும்வரை அவன் கைகளை எடுக்கவில்லை.

பிறகு வியர்வை காயாத அவள் உச்சந்தலைமேல் வலக்கையை வைத்தான்.

"நல்லாயிரு. கண்ணு, கை, மூச்சு எதுவும் குறையாம, நிக்கிற இடமெல்லாம் நல்லாயிரு."