இரண்டு கிலோ காளான் பொடி

ஏழு மணிக்குள் வேலாயி மூன்றாவது கொட்டிலைச் சுற்றி முடித்திருந்தாள். ரப்பர் மரத்தூளும் தவிடும் அடைத்து ஆவியில் அவித்த பொலித்தீன் பைகள் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தன. ஒவ்வொரு பையின் வாயிலும் சிவப்புக் காளான் விசிறிபோல விரிந்து, வார்னிஷ் பூசியதுபோலப் பளபளத்தது. விளிம்பின் வெள்ளை மறைந்து, சுண்டினால் மரக்கட்டை மாதிரிச் சத்தம் வந்தால் அறுக்கலாம். பச்சைப் பூஞ்சணம் பிடித்த பையைக் கண்டுபிடிக்க அவளுக்குக் கண் தேவையில்லை. கதவைத் திறந்ததும் மூக்கே சொல்லிவிடும். அன்றைக்கும் நாலாவது தட்டின் மூலையிலிருந்து ஒன்றை உருவி, கைக்கு எட்டின தூரம் தள்ளிப் பிடித்தபடி கொண்டுபோய்க் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவினாள்.

பல்லேகலையில் அந்தக் கம்பனி தொடங்கிய மாதமே அவள் வந்து சேர்ந்தாள். அதற்கு முன்னர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். புருஷன் செத்த பிறகு, மகளின் படிப்புக்காகக் குண்டசாலையில் ஓர் அறை எடுத்துக் குடிவந்தாள். ஐந்து வருஷத்தில் கம்பனியின் காளான் கொழும்பு வரைக்கும் போயிருந்தது. வேலாயியின் பெயர் மட்டும் கம்பனிப் புத்தகம் எதிலும் ஏறவில்லை. கேட்கும்போதெல்லாம் அடுத்த மாதம் பார்ப்போம் என்றார்கள்.

பொடி அரைக்கும் அறைப் பக்கமிருந்து மேற்பார்வையாளர் ஸ்ரீஸ்கந்தராசா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தொண்ணூற்றைந்தாம் ஆண்டு யுத்த இடப்பெயர்வில் ஊரை விட்டவர். அக்குறணையில் ஜமால்தீனின் நாட்டு மருந்துக்கடையில் பொடி தீர்ந்து நாலு நாளாகிறது என்றார். கண்டியில் புத்தரின் புனிதப்பல்லை வைத்திருக்கும் மாளிகைக்கு முன்னால் குண்டு வெடித்து மூன்றாவது வாரம் அது. வேன் ஓட்டும் அழகர் கண்டிப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். வேலாயிக்கு அடையாள அட்டை இருந்தது. சிங்களம் தண்ணீர் பட்ட பாடு.

"நீர் பஸ்ஸில போனால் பிரச்சினை இராது, வேலாயி," என்றார்.

போய்விட்டு வந்து மத்தியானம் அறுக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் புறப்பட்டாள். பையில் இரண்டு கிலோ பொடி, லேபல் இல்லாத வெறும் பொலித்தீனில் கட்டியது. ஜமால்தீன் அதைச் சில்லறையாக நிறுத்து விற்பவர்.

பாலத்தடிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்கினார்கள். பெண் பொலிஸ்காரி பையைத் திறந்தாள். மரப்பட்டைக் கபில நிறத்தில் மாவு மாதிரி இருந்ததைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டாள். அடையாள அட்டையில் இருந்த பெயரைப் படித்தாள். வேலாயியை மட்டும் நிறுத்திக்கொண்டு பஸ்ஸை அனுப்பிவிட்டார்கள்.

மணல் மூட்டைகளுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அறை. சார்ஜன்ட் ஐம்பது வயதுக்காரர், வலது காலை நீட்டி ஒரு ஸ்டூலில் வைத்தபடி கதிரையில் இருந்தார். பொடியை இரண்டு சிப்பாய்கள் வெளியே கொண்டுபோய்த் தூரத்தில் வைத்தார்கள். இது என்ன, எதோடு கலந்தால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார்.

வெந்நீரோடு கலந்தால் கசக்கும் என்றாள் வேலாயி.

பிறகு கேட்காமலே சொல்லத் தொடங்கினாள். காளானை மெல்லிசாகச் சீவி, வெயிலில் போடாமல் சூட்டறையில் காயவைத்து அரைக்கிற பொடி இது. ஒரு கரண்டியை மூன்று கோப்பைத் தண்ணீரில் போட்டு ஒரு கோப்பையாக வற்றவைக்க வேண்டும். படுத்தால் தூக்கம் வராதவர்களுக்கும், காய்ச்சல் விட்டுப் பசி எடுக்காதவர்களுக்கும், பழைய இருமலுக்கும் கொடுப்பார்கள். சீனி வியாதிக்காரரும் குடிக்கிறார்கள், ஆனால் ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்திவிட்டுக் குடிக்கக்கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் தொடவே கூடாது. தோட்டத்தில் இந்தச் சிவப்புக் காளான் கிடையாது. அங்கே பலா மரத்தில் கட்டை மாதிரி வளரும் காளானைக் கல்லில் நீர் விட்டு உரைத்துப் பிள்ளைகளின் வாய்ப்புண்ணுக்குத் தடவுவார்கள். அவள் மகளுக்கும் அப்படித் தடவித்தான் புண் ஆறியது.

சார்ஜன்ட் இடையில் மறிக்கவில்லை. முழங்கால் வலிக்கு என்ன செய்யும் என்று மட்டும் கேட்டார். சில பேருக்குக் கேட்கிறது, சில பேருக்குக் கேட்பதில்லை, பொய் சொல்லமாட்டேன் என்றாள். அவர் தொலைபேசியை எடுத்து, அவள் சொன்ன கம்பனி இலக்கத்தைச் சுழற்றினார். கொஞ்ச நேரம் கேட்டார். அந்தப் பக்கம் பேசுபவரின் பெயரையும் ஊரையும் விசாரித்தார். ரிசீவரை வைத்துவிட்டு, வேலாயி என்று அங்கே யாருமே வேலை செய்யவில்லையாம் என்றார்.

பள்ளிக்கூடம் விட்டு மகள் பூட்டிய கதவுக்கு முன்னால் வந்து நிற்பாளே என்று வேலாயி முதலில் நினைத்தாள். அதற்குப் பிறகு வந்தது கோபம்தான்.

"அப்ப இந்தக் காளான நான் ஆகாசத்துலயா வளத்தேன்?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டு, அதையே சிங்களத்திலும் சொன்னாள்.

சார்ஜன்ட் புத்தகத்தை விரித்து விவரம் எழுதத் தொடங்கினார். பெயர், விலாசம் சொன்னாள். தொழில் என்று கேட்டபோது அவருடைய பேனாவையே பார்த்துக்கொண்டு, கம்பனியின் பெயரையும், மூன்றாம் கொட்டில் பொறுப்பு என்பதையும், ஐந்து வருஷம் என்பதையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, எழுதி முடித்தாரா என்று கேட்டுக்கொண்டாள். பிறகு ஜமால்தீனின் கடை இலக்கத்தைக் கொடுத்தாள்.

ஜமால்தீன் வர மூன்று மணியானது. தொப்பியும் வியர்வையுமாக வந்தவர், கடையில் கிடந்த கம்பனியின் வெற்று டின் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். கண்டி ராஜாக்கள் காலத்து வைத்திய பரம்பரையின் இரகசியம் என்று லேபலில் சிங்களத்தில் அச்சடித்திருந்தது. கீழே உபயோகங்கள். சார்ஜன்ட் ஒவ்வொன்றாக உரக்க வாசித்தார். தூக்கம், பசி, இருமல் எல்லாம் இருந்தன. கடைசியில் குழந்தைகளின் வாய்ப்புண் என்றும் இருந்தது. அவர் தலையை நிமிர்த்தி வேலாயியைப் பார்த்தார். தேத்தண்ணீர் குடிக்கும் நேரத்தில் எப்போதோ அவள் ஸ்ரீஸ்கந்தராசாவிடம் சொன்ன பலா மரக் காளான் விஷயம் அது.

பொடியில் ஒரு கரண்டியை அங்கேயே கேத்தலில் காய்ச்சி முதலில் அவளைக் குடிக்கச் சொன்னார்கள். முகம் சுளிக்காமல் குடித்தாள். சார்ஜன்ட் அரைக் கோப்பை வாங்கிக் குடித்து, இருமி, அவளைப் போகச் சொன்னார்.

"வேலைக்காரியத் தெரியாதுன்னு சொல்ற கம்பனிக்கு நீங்க ஏன், தங்கச்சி, மூட்டை சுமக்கிறீங்க?" என்று வழியில் ஜமால்தீன் கேட்டார்.

"அதத்தான் நானா, நாளைக்குப் போயி கேக்கப்போறேன்," என்றாள். முஸ்லிம் அண்ணன்மாரை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

மறுநாள் காலை ஸ்ரீஸ்கந்தராசா அவளைக் கம்பனி வாசல் கேற்றடியிலேயே மறித்தார். இரவு முழுக்கத் தூங்காத கண்கள்.

"என்ர பேரைச் சொன்னவுடன எந்த ஊர் எண்டு அந்தப் பொலிஸ்காரன் கேட்டான். அதுக்குப் பிறகு எனக்கு வாய் வரேல்லை, வேலாயி. பதிவில இல்லாத ஆக்களைத் தெரியாது எண்டு சொல்லச் சொல்லி முதலாளியும் முதலே சொல்லி வைச்சவர்."

"பதிவுல ஏங்க ஐயா நான் இல்ல?"

பொலிஸ் விவகாரம் அடங்கும் வரைக்கும் அவள் வேலைக்கு வரவேண்டாம் என்பது முதலாளியின் உத்தரவு என்றார் அவர். அவருக்குப் பின்னால், மூன்றாம் கொட்டிலின் கதவு விரியத் திறந்து கிடந்தது. ஈரப்பதம் போய்விடும், அதைச் சாத்தச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வேலாயி திரும்பி நடந்தாள்.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே பாலத்தடிக்குப் போய், முந்தின நாள் எழுதியதன் பிரதி ஒன்று வேண்டும் என்று சார்ஜன்ட்டிடம் கேட்டாள். இதை வாங்க இதுவரை ஒருவரும் திரும்பி வந்ததில்லை என்றார் அவர். ஆனாலும் நொண்டிக்கொண்டே எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்தார். அடுத்த நாள் வரச்சொல்லி, முத்திரை குத்தின பிரதியைக் கொடுத்தார்.

தொழிலாளர் முறைப்பாடுகளைக் கேட்கும் கண்டி லேபர் ஒபீஸில் பெண் உத்தியோகத்தர் ஒருவர் தமிழில் பேசினார். மேசையில் அனீஸா என்று பெயர்ப்பலகை இருந்தது. ஐந்து வருஷம் வேலை செய்ததற்குக் கடிதம், பதிவு, சம்பளத் துண்டு ஏதாவது உண்டா என்று கேட்டார். வேலாயி பிரதியை மேசையில் விரித்துவைத்தாள். சிங்களம் பேசுவாளே தவிர, வாசிக்கத் தெரியாது. அனீஸா முழுவதையும் வாசித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"இது பொலிஸ் பதிவு. உங்கட பேருக்கு முன்னால என்ன எழுதியிருக்கெண்டு தெரியுமா?"

"வாசிங்கம்மா."

"சந்தேகநபர் வேலாயி. தொழில், காளான் கம்பனித் தொழிலாளி. சேவைக்காலம் ஐந்து வருடம்."

"அஞ்சு வருசம்னு போட்டிருக்குல்ல?"

"ஓம், இருக்கு."

"அப்ப அது நான்தாங்க. பதிஞ்சுக்கங்க."

அனீஸா கோடு போடும் அடிமட்டத்தை அந்த வரிக்குக் கீழே பொருத்தினார். சந்தேகநபர் என்ற சொல்லில் தொடங்கி ஐந்து வருடம் என்பது வரைக்கும், பேனாவைத் தூக்காமல், சிவப்பு மையால் ஒரே அடிக்கோடாக இழுத்தார்.