முதல் பத்தியை வெட்டுகிறவள்

1

இந்தக் கதை ஒரு மின்னஞ்சலிலிருந்து பிறந்தது. பொய். என் மனைவிக்கு மூளைக்காய்ச்சல் வந்ததிலிருந்து பிறந்தது. அதை முதல் வரியிலேயே சொன்னால் உங்களிடம் இரக்கம் கேட்டுக் கையேந்துவது போல இருக்குமே என்று மின்னஞ்சலை முன்னால் தள்ளிவிட்டுப் பார்த்தேன்.

[மழை விட்டிருந்தது. சன்னலுக்கு வெளியே தெருவிளக்கு ஏதோ ஒரு —]

இந்த வரியை ஏன் அழிக்கவில்லை என்று கேட்பீர்கள். அழிப்பது என் வேலையாக இருந்ததே இல்லை. என் கதை எதுவும் நான் தொடங்கிய இடத்தில் தொடங்கி அச்சானது கிடையாது. என் மனைவிதான் முதல் பத்தியின் மேல் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டு, "தொண்டையைக் கனைச்சது போதும், பேச ஆரம்பிங்க" என்பாள். இப்போது கோடு போட ஆள் இல்லாததால் குப்பை ஆங்காங்கே கிடக்கும். பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

2

அவள் என்ன வேலை பார்த்தாள் என்று சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக நூலகத்தின் மேல்மாடியில், லிஃப்ட் மோட்டார் உறுமுகிற ஓர் அறையில் உட்கார்ந்து, 'எழுதியவர்' என்றால் யார் என்று ஆராய்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "அதான் அட்டையிலேயே போட்டிருக்குமே மேடம்" என்றார். அவள் அதை நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

அட்டையில் போட்டிருப்பதுதான் சிக்கலே. கணிதத்தில் பெரும்பாலும் பெயர்களை அகரவரிசையில் போடுவார்கள். யார் மாடாய் உழைத்தார், யார் டீ குடித்துவிட்டுப் போனார் என்று தெரியாது. சோதனைக்கூடங்களில் முதல் பெயர் வேலை செய்தவருக்கு, கடைசிப் பெயர் கூடத்தின் தலைவருக்கு. நடுவில் இருப்பவர்கள் குரூப் போட்டோவின் பின்வரிசை. துகள் இயற்பியலில் ஆயிரக்கணக்கில் பெயர்கள். கட்டுரையைவிடப் பட்டியல் நீளும். வரலாற்றிலும் இலக்கியத்திலும் ஒரே ஒரு பெயர். திருத்திக் கொடுத்த மனைவிக்கு முன்னுரையின் கடைசியில் ஒரு நன்றி.* இன்னொரு கூட்டம் பெயரையே நம்பாது. 'தான்', 'கூட', 'ஏதோ' என்கிற சின்னச் சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணி ஆளைப் பிடித்துவிடும்.

ஒருமுறை என் கதைகளை அப்படிச் சொற்களை எண்ணுகிற ஒரு கணினி நிரலுக்குள் போட்டுப் பார்த்தாள்.

"உங்க கதையை ரெண்டு பேர் எழுதுறாங்கன்னு வருது."

"யாரு அந்த இன்னொரு ஆளு?"

"கண்டுபிடிங்களேன்" என்று அடுப்பை அணைக்கப் போய்விட்டாள்.

இத்தனை துறைகளின் அளவுகோல்களையும் ஒப்பிடுகிற ஒரு கட்டுரை அவளுடைய பல வருட உழைப்பு. அதில் ஒரு முடிவில் விடாப்பிடியாக நின்றாள்: எந்தத் துறையானாலும், எழுதியதற்குப் பதில் சொல்ல முடிகிறவரே எழுதியவர். முடியாதவரின் பெயரை எடுத்து நன்றிப் பகுதியில் போடுங்கள்.

கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிய பிறகு காய்ச்சல் வந்தது. பிழைத்துவிட்டாள். நடக்கிறாள், சிரிக்கிறாள், என்னைத் தெரிகிறது. எங்கள் கல்யாணம் வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் வந்ததெல்லாம், அவளுடைய ஆய்வு, என் கதைகள் எல்லாம், துடைத்துக்கொண்டு போய்விட்டது. புதிதாகச் சொல்வது மறுநாள் வரை நிற்பதில்லை.

* என் புத்தகங்களில் அந்த நன்றிகூட இல்லை. அவளே அதையும் வெட்டிவிட்டாள், "வழவழன்னு இருக்கு" என்று.

3

கதைக்கு ஒரு கெட்டவர் வேண்டுமே என்று அவளோடு சேர்ந்து ஆய்வு செய்தவரை அப்படி எழுதத் தொடங்கினேன். கட்டுரையில் இரண்டாவது பெயர் என்பதால் அவரை இரண்டாமவர் என்றே சொல்கிறேன்.

[இரண்டாமவரின் கண்ணில் ஒரு பளபளப்பு. இவள் பெயர் போனால் அவர் பெயர் முதலுக்கு —]

எழுதிவிட்டு எனக்கே கூசியது. அந்த மனிதர் நனைந்த குடையோடு செருப்பு ஸ்டாண்டைத் தாண்டாமல் நின்றார்.

"சார், கட்டுரையை ஏத்துக்கிட்டாங்க. ஆனா எழுதினவங்க ஒவ்வொருத்தரும், முழுசாப் படிச்சேன், இதுக்கு நான் பொறுப்புன்னு அவங்கவங்க மின்னஞ்சல்ல 'ஆம்' அழுத்தணும். மேடம் அழுத்தலைன்னா பேரை எடுத்துடுவாங்க. அப்புறம் நான் முதல்ல வந்துடுவேன். எனக்கு அது வேண்டாம் சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். இறந்துபோனவர்களுக்குப் பெயர் பக்கத்தில் ஒரு சிலுவைக்குறி போட்டு, கீழே ஒரு அடிக்குறிப்புக் கொடுத்துப் பெயரைக் காப்பாற்றுகிற வழக்கம் சில ஆய்விதழ்களில் உண்டு. உயிரோடு இருந்து மறந்துபோனவர்களுக்குக் குறி எதுவும் இல்லை. அதைச் சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவளுக்கே படித்துக் காட்டலாம் என்று நான்தான் சொன்னேன். அவள் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். இரண்டாமவர் பரீட்சை எழுதுகிறவர் மாதிரி வியர்த்தபடி படித்தார். முடித்ததும் அவள் தலையாட்டினாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க. அந்த ரெண்டாவது அட்டவணை மட்டும் இடிக்குது. கணிதமும் பொருளாதாரமும் ஒரே மாதிரிதானே பேர் போடுறாங்க? எதுக்குத் தனித்தனியா வெச்சிருக்காங்க?"

அவர் என்னைப் பார்த்தார். "மேடம், தனியா வைக்கணும்னு சண்டை போட்டது நீங்கதான்."

"நானா? எதுக்காம்?"

"அது... நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நான் கேக்கலை மேடம்."

அந்த அட்டவணைக்கு ஒரு காரணம் இருந்தது. அது அவளிடம் மட்டும் இருந்தது. இப்போது எங்குமே இல்லை. எனக்கு அழுகை வந்தது, இரண்டாமவர் இருந்ததால் தண்ணீர் எடுத்து வரும் சாக்கில் எழுந்து போனேன்.

திரும்பி வரும்போது அவள் அவரைத் தேற்றிக்கொண்டிருந்தாள். "இதுக்கு ஏன் முகத்தைத் தொங்கப் போடுறீங்க? எழுதினவங்களைப் பிடிச்சுக் கேளுங்க, சொல்லப் போறாங்க."

4

அவளுடைய தம்பி மருந்துக் கடை வைத்திருக்கிறான். சுற்றி வளைக்கத் தெரியாதவன்.

"அத்தான், அழுத்திட்டுப் போங்க. ஆஸ்பத்திரியில, பேங்க்ல எல்லாம் அக்காவுக்காக நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க? இது மட்டும் என்ன?"

"அதெல்லாம் அவளுக்காக நான் போட்டது. இது அவளா நடிச்சு நான் போடுறது."

"உழைச்சது அவதானே?"

"அவதான்."

"அப்புறம் எவன் கேக்கப் போறான்?"

எவனும் கேட்க மாட்டான். கேட்கக்கூடிய ஒரே ஆள் பக்கத்து அறையில் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

5

முடிவுகளுக்கு வருவோம். நான் அழுத்திவிடுகிறேன், அவள் பெயர் முதலில் வருகிறது, அச்சான பக்கத்தைக் காட்டுகிறேன், அவள் கண் கலங்க —

[வேண்டாம். இது எல்லோருக்கும் பிடிக்கும்.]

அல்லது அவளே அழுத்துகிறாள். கணினியை அவள் மடியில் வைத்து எல்லாவற்றையும் விளக்குகிறேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொல்கிறாள்: "நான் எழுதலையே. அடுத்தவங்க உழைப்புல என் பேரைப் போட்டா அது திருட்டு இல்லையா? நீங்களா இப்படிச் சொல்றீங்க?"

இது கற்பனை இல்லை. பலமுறை நடந்துவிட்டது. ஒவ்வொரு காலையும் புதிதாகக் கேட்கிறேன். ஒவ்வொரு காலையும் புதிதாக என்மேல் ஏமாற்றம் அடைகிறாள். மறுநாள் அவள் அதை மறந்துவிடுகிறாள். எனக்குத்தான் அந்த முகங்கள் எல்லாம் சேர்ந்துகொண்டே போகின்றன.

'ஆம்' அழுத்த ஆய்விதழ் கொடுத்த கெடு நாளையோடு முடிகிறது.

6

இன்று இதுவரை எழுதியதை, யாரைப் பற்றி என்று சொல்லாமல், அவளுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாமவர் வந்த இடத்தில், "நல்ல மனுஷன்" என்றாள். ஐந்தாம் பகுதியில், "பாவம் அந்தப் பொண்ணு, பிடுங்கியெடுக்குறான்" என்றாள். பிறகு தாள்களை என் கையிலிருந்து வாங்கினாள். மேசையில் கிடந்த பென்சிலை எடுத்தாள். முதல் பகுதி முழுவதன் மேலும் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

"தொண்டையைக் கனைச்சது போதும். ரெண்டுலதான் கதை ஆரம்பிக்குது."

அந்த வாக்கியம் முதல் பகுதியில் இருக்கிறதே, அதைத் திருப்பிச் சொல்கிறாள் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைக்கப் பார்க்கிறேன். ஆனால் கோடு, எப்போதும் போல, வலது மேல் மூலையிலிருந்து இறங்கியிருந்தது. அதை நான் எங்கேயும் எழுதவில்லை.

"ஏன் வெட்டினே?"

"தெரியல. வெட்டணும்னு தோணுச்சு."

அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் விதிப்படி இந்தக் கோடு அவளுடையது ஆகாது.

முதல் பகுதியை நான் எடுக்கவில்லை. நீங்கள் பென்சில் எடுத்து அந்தக் கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். போட்ட பிறகு மிச்சம் இருக்கும் கதை யாருடையது என்று பாருங்கள். மேசைமேல் கணினி திறந்திருக்கிறது. திரையில் 'ஆம்' இருக்கிறது, 'இல்லை' இருக்கிறது. உங்கள் பதில் எதுவோ, என் விரல் அங்கே போகும்.

கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். தாள்களைத் தட்டி அடுக்கிவிட்டு அவள் கேட்டுவிட்டாள்.

"நல்லாருக்கு. யாரு எழுதினது?"